செவ்வாய்க்கிழமை டூர்

ஜவுளிக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டால் எல்லோருக்கும் வேலை குறையும். சேலை மடிக்கிறவளுக்கு மட்டும் கூடும். வாங்க வருகிறவர்கள் நாலு சேலையைப் பிரித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாங்காமல் போக வருகிறவர்கள்தான் மேசை நிறையப் பிரிக்கச் சொல்வார்கள். தோளில் போட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள், அதை யாருக்கோ அனுப்பிவிட்டு பதில் வரும்வரை ஏசிக் காற்றில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு, "ஒரு ரவுண்டு போயிட்டு வரோம்" என்று எழுந்துகொள்வார்கள். தியாகராய நகரில் ஒரு ரவுண்டு போனவர்கள் திரும்பி வந்ததாக வரலாறு கிடையாது.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடி முழுவதும் இந்த ரவுண்டிலேயே கழிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தச் சம்பளங்களை நம்பி எழுப்பிய அடுக்குமாடிகள் வெறும் சிமெண்ட்டோடு நின்றன. அவற்றுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியவர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் மந்தைவெளி அம்மாசி. அவன் மனைவி தேவானை, உஸ்மான் சாலையை ஒட்டிய தெருவில் 'குறும்பலா ஜவுளி மாளிகை'யின் இரண்டாம் மாடியில் பட்டுச்சேலை மடிப்பவள். கடை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைச்சாமி அண்ணாச்சியுடையது.

தேவானைக்குத் தன் வேலைமேல் சந்தேகம் வந்ததில்லை. "பிரிச்சிப் போட்டுட்டுப் போறவங்கோ கீற வரிக்கும் மடிக்கிறவளுக்கு வேல கீது" என்பாள். பட்டுச்சேலையை ஒற்றை ஆள் மடித்தால் சரிகை முறியும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று, இழுத்து, நெருங்கி, மறுபடி விலகி மடிக்க வேண்டும். வருஷக்கணக்காக அந்த இன்னொரு முனை அன்வரி பேகத்துடையதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் முருகன் மாடி ஏறி வந்தான்.

"தேவான, நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வைக்கணும். முதலாளி வீட்டுக்கு வேண்டியவங்க ஒருத்தருக்கு. நடுத்தர வயசு. உனக்குன்னா எத எடுப்ப?"

"எனக்கா? எனக்கு எவன் குடுக்கப் போறான்!" என்று சிரித்தாலும் அவள் கை சரியான தட்டுக்குத்தான் போயிற்று. கிளிப்பச்சையில் அரக்குக் கரை. அந்த நிறத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. தட்டில் அடுக்குகிற சேலைக்கு முந்தானை வெளியே தெரிய வேண்டும். அன்பளிப்புச் சேலைக்கு தேவானை வேறு மடிப்பு வைத்திருந்தாள். முந்தானையை உள்ளே மறைத்து, சரிகையோடு சரிகை உரசாமல் நடுவே மெல்லிய வெள்ளைத்தாள் வைப்பாள். பிரிக்கிறவளுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது மடிப்பில் முந்தானை முழுவதும் மடியில் விழும். அந்த மாதிரி மடிக்க அந்தக் கடையில் வேறு ஆள் இல்லை.

"கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவ" என்றாள் மறுமுனையைப் பிடித்திருந்த அன்வரி.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடித்ததும் அண்ணாச்சி எல்லோரையும் கீழே கூப்பிட்டு நிறுத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வார செவ்வாக்கெழம இல்ல, அதுக்கடுத்த செவ்வாக்கெழம கடைக்கு லீவு. உங்க எல்லாரையும் டூர் கூட்டிட்டுப் போகப் போறேன். செலவு பூரா என்னுது. சந்தோசமா வாங்க, என்ன?"

ஒருவர் முகத்திலும் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கடை பொங்கலுக்கு மட்டும்தான் மூடும். அண்ணாச்சியின் தகப்பனார் காலமான அன்றுகூட மதியத்துக்குமேல் பாதி ஷட்டர் திறந்திருந்தது. அப்பேர்ப்பட்டவர், தீபாவளிக்கு முந்தின மாதம், வியாபாரம் படுத்துக் கிடக்கிற நேரத்தில், கடையை மூடி டூர் கூட்டிப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அன்று இரவு தேவானை பட்டினப்பாக்கத்து நெத்திலியைக் குழம்பு வைத்துப் பரிமாறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அம்மாசி சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"டூரா? இன்னாத்துக்கு டூரு?"

"சும்மாத்தான். சந்தோசமா வாங்கன்னாரு."

"சந்தோசமா வாங்கன்னாரா? அப்போ மெய்யாலுமே இன்னாவோ கீது."

"யோவ், உனக்கு எத்தச் சொன்னாலும் சந்தேகம்தான். ஊர்ல ஒருத்தன்கூட நல்லவன் கெடையாதா?"

"நல்லவன் கீறான். டி.நகர்ல கட வச்சிக்கினு இல்ல." அம்மாசி சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தான். "போன வருசம் அந்தப் பாத்திரக் கடைக்காரன் இன்னா பண்ணான்? ஆளுங்க அத்தினி பேரையும் ஏற்காடு இட்டுக்கினு போனான். போட்டுல ஏத்துனான், பிரியாணி போட்டான், நிக்க வச்சி போட்டோ புட்ச்சான். காலீல வந்து எறங்குனா ஷட்டர்ல புதுப் பூட்டு. அங்க வேல செஞ்ச பட்டினப்பாக்கத்துப் பொண்ணு இப்போ ஆழ்வார்பேட்டைல ஒரு ஃபிளாட்டுல பாத்திரம் தொலக்கிக்கினு கீது. வித்த கையாலயே தொலக்குது."

"அது பாத்திரக் கட. இது துணிக் கட."

"பூட்டு ஒண்ணுதான?"

மகள் தமிழ்மொழி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். மயிலாப்பூரில் பி.காம் இரண்டாம் வருஷம். "யம்மா, எங்க சீனியர் அக்கா கம்பெனில எல்லாருக்கும் பீட்சா வாங்கிக் குடுத்துட்டு, சாப்ட்டு முடிச்சதும்தான் வேலய விட்டுத் தூக்குனாங்களாம்."

"பாத்தியா!" என்றான் அம்மாசி.

"நைனா, நான் ஒண்ணும் உனக்கு சப்போர்ட் பண்ணல. நடந்தத்தான் சொன்னேன்."

"தீபாவளி வருதா? வந்தா போனஸ் குடுக்கணும். அத்துக்கு மின்னாடி ஆளக் கழிச்சா அவுருக்கு லாபம். இத்த யோசிக்க பி.காம் படிக்க வோணாம்."

"அப்போ நான் டூருக்குப் போவல" என்றாள் தேவானை.

"போவலன்னா, இவுளுக்கு விசுவாசம் இல்லன்னு உன் பேரத்தான் மொதல்ல கழிப்பாரு."

"போனா பூட்ட மாத்துவாரு, போவாட்டி பேரக் கழிப்பாரு. நான் இன்னாதான்யா பண்றது?"

"நீ போ. சோக்கா போய்ட்டு வா. நான் அன்னிக்கிப் பூரா கடைக்கு எதிர்ல குந்திக்கினு பூட்டப் பாத்துக்கிறேன். எவனாச்சும் கை வச்சான்னு வச்சிக்க, ஒடனே உனக்குப் போன் போடுறேன்." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டான். "அத்தோட இன்னொண்ணு. உங்க கடைக்கு எதிர்ல புச்சா ஒருத்தர் கடைய வாங்கி நடத்துறாரே, அங்க ஒரு வார்த்த கேட்டு வையி. கேட்டு வக்கிறதுல இன்னா போச்சி?"

அவர்கள் சந்து, மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் இருந்தது. சந்தில் பாதிப் பேரை ஏற்கெனவே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியாயிற்று. தேவானையின் சம்பளம் நின்றால் இவர்களும் அங்கே அம்மாசியின் அக்கா வீட்டு ஒற்றை அறையில் போய் ஒண்ட வேண்டியதுதான். அங்கிருந்து மயிலாப்பூர் காலேஜுக்கு தமிழ்மொழி வந்து போவது நடக்கிற காரியமில்லை. இது மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் அன்று குழம்பு மிச்சமாயிற்று.

அடுத்து வந்த நாட்களில் கடையே மாறிப்போயிற்று. ஒருவர் உள்ளே வந்தால் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டார்கள். மெஸ் டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதற்கும் காரணம் தேடினார்கள். புதுப் பூட்டு விழுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று டிபன் பாக்ஸ், மாற்றுச் செருப்பு, அலமாரிக்குள் ஒட்டியிருந்த சாமி படம் எல்லாவற்றையும் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டூரும் தன் பங்குக்குச் சுருங்கிக்கொண்டே வந்தது. குற்றாலம் என்று கிளம்பிய பேச்சு மாமல்லபுரமாகி, முட்டுக்காடாகி, கடைசியில் கிண்டி பார்க்கும் பெசன்ட் நகர் பீச்சும் என்று வந்து நின்றது.

அன்வரி மட்டும் டூருக்கென்று கண்ணாடி வளையல் வாங்கிவந்திருந்தாள். ஆட்டோ ஓட்டுகிற அவள் மகன் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. கவலைப்பட வேண்டுமென்றால் முதல் ஆளாக அவள்தான் பட்டிருக்க வேண்டும்.

"பீச்சுல போய் நிக்கறதுக்கு நமக்கு எந்தக் காலத்துல நேரம் கெடச்சுது? அவரே கூட்டிட்டுப் போறேங்கறாரு. போவோமே" என்றாள்.

"உனக்கு பயமே இல்லியா அன்வரி?"

"எதுக்குடி பயம்? அவரும் மனுசன்தானே."

இப்படி ஒருத்தியா என்று தேவானைக்கு எரிச்சலாக வந்தது. அன்று திங்கட்கிழமை, விடிந்தால் டூர். சாயங்காலம் டீ நேரத்தில் அவள் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தாள். குறும்பலா யூனிஃபார்ம் சேலையை மறைக்கத்தான் சால்வை. புரட்டாசிப் புழுக்கத்தில் தெருவே வியர்த்துக் கொட்டுகிறபோது சால்வையோடு ஒருத்தி வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கல்லாவில் இருந்த முதலாளியே எழுந்து பார்த்தார். பஞ்சாட்சரம் என்று பெயர். ஆனி மாதத்தில்தான் கடையை வாங்கியிருந்தார்.

"இதுக்கு முந்தி எந்தக் கடைம்மா?"

"ஊட்ல சும்மாத்தான் கீறேன் சார். பட்டு நல்லா மடிப்பேன்."

அவர் பார்வை சால்வைக்குக் கீழே தெரிந்த யூனிஃபார்ம் கரைக்குப் போய்விட்டு வந்தது. "தீபாவளி கழியட்டும்மா. பாப்போம். பேரு என்ன?"

பேரைச் சொன்னாள். அவள் செய்த தப்பு அதுதான். தெற்கேயிருந்து வந்து அந்தத் தெருவில் கடை போட்டவர்களில் யாருக்கு யார் மச்சான், யாருக்கு யார் மாப்பிள்ளை என்பதெல்லாம் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்தான் தெரியும். மாடியில் சேலை மடிக்கிறவளை அந்தப் பந்திக்கு யார் கூப்பிடுகிறார்கள்?

டூர் நாள் வந்தது. அண்ணாச்சி தன் கையாலேயே ஷட்டரைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் அந்தப் பூட்டை நன்றாக மனசில் பதித்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். எதிரே டீக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே அம்மாசி, பெயிண்ட் கறை படிந்த சட்டையோடு, பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பேப்பர் தலைகீழாக இருந்தது.

கிண்டி பார்க் கேட்டும் பூட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. அது அண்ணாச்சிக்கும் தெரியாது, முருகனுக்கும் தெரியாது. பார்க்குக்குப் போகிற பழக்கம் இருந்தால்தானே தெரியும்! "பாத்தியா, டூருன்றதே சும்மா கண்தொடப்பு" என்று பின்சீட்டில் முணுமுணுப்புக் கிளம்பியது. தேவானையின் போன் அடித்தது.

"பூட்டு அப்டியே கீது" என்றான் அம்மாசி.

"இங்கியும் பூட்டுதான்" என்றாள் தேவானை.

"இன்னா சொல்ற?"

"பார்க்கு லீவாம். நேரா பீச்சுக்குப் போய்க்கினு கீறோம்."

"உஷாரா இரு. எத்திலயாச்சும் கையெழுத்து கேட்டா போடாத."

பெசன்ட் நகர் கடற்கரையில் வேலை நாளின் மதிய வெயிலில் கூட்டம் இருக்காது என்றுதான் நினைத்திருந்தார்கள். இருந்தது. தோளில் லேப்டாப் பையோடு இளம் பிள்ளைகள் கிடைத்த நிழலிலெல்லாம் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. தேவானைக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

அஷ்டலட்சுமி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து, மணலில் தார்ப்பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி சரோஜாதேவி வீட்டிலேயே கூட்டாஞ்சோறு செய்து கொண்டுவந்திருந்தார். முருங்கைக்கீரையும் மாங்காயும் போட்ட சோறு, நெய் மணத்தது. ஒவ்வொரு இலையாகக் குனிந்து தன் கையாலேயே பரிமாறிக்கொண்டு வந்தவர் தேவானையின் முன்னால் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா தேவான?"

சரோஜாதேவி கடைக்கு வருவது பொங்கல் பூஜைக்கு மட்டும்தான். இத்தனை பேரில் தன் பெயர் மட்டும் அவருக்கு எப்படித் தெரிந்தது? தேவானை எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள்.

"முதலாளியம்மாவுக்கு எம் பேரு தெரிஞ்சிகீதுடி" என்றாள் அன்வரியிடம்.

"நல்லதுதானே. என் பேரும் தெரிஞ்சா இன்னொரு கரண்டி கெடச்சிருக்கும்" என்றாள் அன்வரி.

வெயில் தாழ்ந்ததும் அன்வரி அவளைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதல் அலை முழங்கால்வரை வந்ததும் இரண்டு பேரும் கத்தினார்கள். அடுத்த அலையில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். மந்தைவெளியிலிருந்து கடல் எவ்வளவு கிட்டத்தில்! பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போவதோடு சரி, கால் நனைத்து எத்தனை காலமாயிற்று என்று தேவானைக்கு நினைவே இல்லை. பூட்டு, போனஸ், பெரும்பாக்கம் எல்லாம் கொஞ்ச நேரம் அவளை விட்டுப் போய்விட்டன. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் இரண்டு தரம் அடித்தும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். முருகன் வேனிலிருந்து ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து சரோஜாதேவி பக்கத்தில் வைத்தான். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கலர் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி.

"வியாபாரம் எப்படிப் போகுதுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "தீபாவளிக்குக் கூடுதல் ஆளு இந்த வருசம் எடுக்கல. மத்தது எல்லாத்தையும் எப்படியோ சமாளிச்சுக்கிடலாம். மடிப்புல மட்டும் ஒரு ஆளக் கொறைச்சே ஆகணும்னு ஆயிட்டு. மறுமுனைய சேல்ஸ் பிள்ளைக யாராவது பிடிச்சுக்கிடும். தேவானையா, அன்வரியா? நான் எப்படிச் சொல்லுவேன்? ரெண்டும் எனக்கு ரெண்டு கண்ணு. ஒறக்கமே இல்ல பாத்துக்கிடுங்க."

அன்வரியின் கை தேவானையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஆனா நம்ம தேவானைக்குப் பெரிய மனசு. எதிர்க்கடையில தனக்கு ஒரு எடத்தப் பாத்துக்கிட்டா. அது வேற யாரும் இல்ல, என் மச்சான் பஞ்சாட்சரம் கடைதான். தானா ஒதுங்கிக்கிட்டு, கூட வேல பாக்கறவ பொழப்பக் காப்பாத்திட்டா. இனி நான் யாரையும் போகச் சொல்ல வேண்டியதில்ல. எல்லாரும் ஒரு கைதட்டு தட்டுங்க."

தட்டினார்கள். பத்து நாளாக அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சேர்ந்து அந்தத் தட்டலில் வெளியே வந்தது. தேவானை, "அண்ணாச்சி, எனக்கு அங்க..." என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அன்வரி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்காகவாடி? எம் புள்ள கெடக்கறதப் பாத்துட்டுத்தானே போய்க் கேட்ட? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லலியே!"

உனக்காக இல்லை, எனக்காகத்தான் போனேன், எனக்கு இடமும் கிடைக்கவில்லை என்று சொன்னால், அதே வாயால் இவளை வீட்டுக்குப் போகச் சொன்ன மாதிரி ஆகும். தேவானைக்குப் பயமாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் அவமானமாக இருந்தது. சரோஜாதேவி குங்குமம் வைத்துத் தாம்பாளத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

வேன் அடையாறைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்சீட்டில் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் எல்லோரும் இந்தப் பத்து நாளில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவேளை அண்ணாச்சி தப்பாகப் புரிந்துகொண்டாரோ, அவர் ஒரு வார்த்தை சொன்னால் பஞ்சாட்சரம் இடம் கொடுத்தாலும் கொடுப்பாரோ என்று தேவானை தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெட்டியில என்ன இருக்குன்னு பாப்போமா?" என்று அன்வரி தானே கலர் காகிதத்தைக் கிழித்தாள். மூடியைத் திறந்தவள் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். "அட! நாம அன்னிக்கு மடிச்சதுடி! கிளிப்பச்ச, அரக்குக் கர! பாரேன், உனக்குன்னு நீயே எடுத்து, நீயே மடிச்சிருக்க!"

தேவானை சேலையைத் தொட்டாள். உள்ளே போன முந்தானை, நடுவில் வெள்ளைத்தாள். அவள் மடிப்பேதான்.

வெள்ளிக்கிழமை மடித்தது இது. டூர் என்று அண்ணாச்சி சொன்னது மறுநாள். டூரைக் கேட்டுப் பயந்துபோய் அவள் எதிர்க்கடைக்குப் போனது அதற்கும் பிறகு வந்த திங்கட்கிழமை. அவள் போய்க் கேட்டதால் இவர் முடிவு செய்யவில்லை. அவள் பேரை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். சேலையைக்கூட அவள் கையாலேயே எடுத்து வைக்கச் செய்திருக்கிறார்கள். ஊரெல்லாம் சந்தேகப்பட்டு, பூட்டுக்குக் காவல் போட்டு, கடைசியில் சந்தேகப்பட வேண்டியதைத் தன் இரண்டு கையாலேயே மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்னடி அழற? பிடிக்கலியா?" என்றாள் அன்வரி.

"பிடிச்சிகீது" என்றாள் தேவானை.

கடை வாசலில் வேன் நின்றபோது மழை தூறலாகியிருந்தது. டீக்கடையிலிருந்து அம்மாசி ஓடிவந்தான். "அதே பூட்டுதான். காலீலேர்ந்து ஒருத்தன் கிட்ட வரல" என்றான் பெருமையாக. தேவானை பெட்டியை இடுக்கிக்கொண்டு, கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற அண்ணாச்சிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எதிர்க்கடைல என்னிய எப்போத்திலேர்ந்து வரச் சொல்லிக்கீறாங்கோ?"

"அது... நீதானம்மா போய்க் கேட்டுட்டு வந்த?"

"தீபாவளி கழியட்டும், பாப்போம்னுதான் எங்கிட்ட சொன்னாரு. எடம் கீதுன்னு சொல்லவே இல்ல. நீங்கதான் எடம் கீதுன்னு அத்தினி பேர் மின்னால சொன்னீங்கோ. அப்போ உங்களாண்ட வேற இன்னாவோ சொல்லிக்கீறாரு. ஒரு போன் போட்டுக் கேளுங்கோ."

"இப்பமா? இந்நேரம் அவன் சோலியா இருப்பான். நாளைக்குக் கேட்டுக்கிடலாம், நீ வீட்டுக்குப் போம்மா, மழை வருது."

"மழைல நனைஞ்சா பரவால்ல அண்ணாச்சி."

இறங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அன்வரி வந்து தேவானையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"போடுங்க அண்ணாச்சி. ஸ்பீக்கர்ல போடுங்க. நல்ல சேதிய நாங்களும் எங்க காதால கேட்டுட்டுப் போறோம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் அண்ணாச்சியால் சத்தம் போட்டு அடக்கியிருக்க முடியும். அந்த மலர்ந்த முகத்துக்கு முன்னால் அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. போனை எடுத்து அழுத்தினார்.

"சொல்லுங்க அத்தான்! டூரு முடிஞ்சிட்டா?" பஞ்சாட்சரத்தின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"முடிஞ்சுது மாப்ள. இங்க எல்லாரும் பக்கத்துலதான்..."

"அந்தச் சால்வைக்காரி அழுதாளா?" அவர் காது கொடுக்கவே இல்லை. "உங்க ஆளு யாரு வந்து கேட்டாலும் சொல்லணும்னு நாம பேசி வச்ச மாதிரிதான் அத்தான் அவகிட்டப் பேசுனேன். எடம் இல்லன்னும் சொல்லல, இருக்குன்னும் சொல்லல, தீபாவளி கழியட்டும்னு இழுத்து அனுப்பிட்டேன். உங்க ஆள நான் எடுக்கப்புடாது, என் ஆள நீங்க எடுக்கப்புடாதுன்னு பேசுனது பேசுனதுதான்லா? அத்தான்? கேக்குதா?"

அண்ணாச்சி போனை அணைத்தார். தூறல் ஷட்டரில் பட்டுக்கொண்டிருந்தது. முருகன் தரையைப் பார்த்தான். தேவானையின் தோளில் இருந்த அன்வரியின் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.

"யாரையாவது ஒருத்தரச் சொல்லித்தானம்மா ஆகணும்" என்றார் அண்ணாச்சி. நடிப்பில்லை, அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. நீயா அங்க போய்க் கேட்டேன்னு தெரிஞ்சதும், சாமியாப் பாத்துக் குடுத்த வழின்னு நெனச்சுட்டேன்."

"சாமி குடுக்கல அண்ணாச்சி. எம் பயம் குடுத்த வழி அது. ஆனா சேலைய அத்துக்கு மின்னாடியே எடுத்து வச்சிட்டீங்கோ."

"காலீலேர்ந்து பூட்டையே பாத்துக்கினு இருந்தேனேடி" என்றான் அம்மாசி.

அன்வரி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்போ இவ போகலன்னா நான் போகணும்" என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்தாள். "சரி. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வருவோம் அண்ணாச்சி. யாரு போகணும்னு எங்க மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க. பீச்சுல வச்சு வேணாம். கடைல வச்சு."

தேவானை பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தாள். வெள்ளைத்தாளை உருவிவிட்டு முழுவதும் பிரித்தாள். அன்வரி ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்தாள். தாழ்வாரத்து விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, இழுத்து, நெருங்கி, விலகி, கடைத் தட்டில் வைக்கிற மடிப்பாக, முந்தானை வெளியே தெரியும்படி மடித்தார்கள். மடித்து முடித்ததும் தேவானை அதை அண்ணாச்சியின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"இத்த உள்ள வையுங்க அண்ணாச்சி. நாளைக்கு ஒம்போதரைக்கு வந்து நானே தட்டுல அடுக்கிக்கிறேன்."

அவள் அம்மாசியோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அன்வரியும் கூடவே நடந்தாள். சாவி அண்ணாச்சியின் சட்டைப்பையில்தான் இருந்தது. இரண்டு கையிலும் சேலை இருந்ததால் அவரால் அதை எடுக்க முடியவில்லை.